2019 தீர்ப்பு சொன்னது என்ன?

‘கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதி எல்லையை வளைத்து வரைவது சட்டப்படி சரி என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2019-ல் சொல்லிவிட்டது’ என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

அந்த 2019 தீர்ப்பு வந்த ரூச்சோ வழக்கில் 5-4 பெரும்பான்மை சொன்னது வேறு: கட்சி ஆதாய வளைப்பை அளந்து தீர்ப்புச் சொல்ல ஃபெடரல் (மத்திய) நீதிமன்றங்களிடம் அளவுகோல் இல்லை, எனவே விசாரிக்க மாட்டோம். ‘சரி’ என்று சொல்லவில்லை. அந்த வழக்கில் விசாரிக்கப்பட்ட வட கரோலினா தொகுதி வரைபடத்தை முன்மொழிந்தவர், குடியரசுக் கட்சிக்கு 10 இடம், ஜனநாயகக் கட்சிக்கு 3 இடம், 11-2 ஆக வரைய முடியாது என்பதால்தான் இப்படி என்று வெளிப்படையாகவே பேசியவர். (துணிச்சல்தான்!) அதுவும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. கூடவே விசாரிக்கப்பட்ட மேரிலாந்து வரைபடம் ஜனநாயகக் கட்சி வரைந்தது.

மாநில நீதிமன்றக் கதவும் மூடவில்லை. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் மாநில அரசமைப்பை வைத்தே 2018-ல் ஒரு வரைபடத்தை ரத்து செய்தது. எல்லா மாநிலத்திலும் அப்படி நடக்கும் என்றில்லை. வட கரோலினா உச்ச நீதிமன்றம் 2022-ல் இதேபோல் எடுத்த நிலையை 2023-ல் தானே மாற்றிக்கொண்டது.

சரிபார்க்க விரும்பினால், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தளத்தில் 18-422 என்ற வழக்கு எண்ணைத் தேடுங்கள், இலவசம்தான். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் கடைசிப் பக்கங்களைப் படித்தால் போதும். மிதமிஞ்சிய எல்லை வளைப்பை இந்த முடிவு ஏற்பதாகாது என்று அவரே அங்கே எழுதியிருக்கிறார்.