பிள்ளையைக் கூட்டிப்போக நேரத்துக்கு வாருங்கள்

மே மாதம் வந்தால் சபையில் பாதி வேலை வாலிபர் போதகரான என் தலையில்தான். பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) நடத்துவதில் எனக்கு வருத்தமே இல்லை. பிள்ளைகள் ஆக்‌ஷன் பாட்டுக்குக் குதிப்பதைப் பார்த்தாலே களைப்பு போய்விடும். வருத்தமெல்லாம் பெற்றோர் மேல்தான். 12.30க்கு முடியும் என்று ஆராதனை அறிவிப்பிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லியாயிற்று. ஆனால் 2 மணிக்குத்தான் வருகிறார்கள். மே 4இல் தொடங்கும் அக்கினி நட்சத்திர வெயிலில், யூகேஜி முடித்த குழந்தை பசியோடு கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. போன் செய்தால், "நீங்கதான் இருக்கீங்களே பாஸ்டர்" என்கிறார்கள். உதவிக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகளும் சாப்பிடாமல் காத்திருக்கிறார்கள். அப்புறம், வாலிபர் முகாமுக்கு பஸ் பேச வேண்டும். அதற்கும் பெயர் கொடுப்பது கடைசி நாள் இரவில்தான்! பஸ்காரரிடம் எத்தனை பேர் என்று சொல்வது?