பாட்டிக்குக் கடைசிவரை ஒரு வீடு அமையவில்லை

பாட்டி போய்விட்டாள். காப்பகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மூவண்ணப் பூனை, 15 வயது. வளர்த்த அம்மா தவறியதும் பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். பிறகு யாரும் தத்தெடுக்கவில்லை. வந்து பார்த்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. கிழட்டுப் பூனையை நாம் வைக்கிற இடமும் கொடுக்கிற முறையும்தான் தப்பு.

வெயில் தொடங்கினால் குட்டிகள் வந்து குவியும். வருகிறவர்கள் கண்ணெல்லாம் அவற்றின் மேல்தான். வயதான பூனையோ கூண்டு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். சிடுமூஞ்சி என்று கடந்துவிடுவார்கள். பாவம், அதற்கு மூட்டுவலி. மேல்தட்டுக்குத் தாவ முடியாது. கீழே ஒளிய இடமில்லை, பக்கத்தில் நாய்க் குரைப்பு வேறு. ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பழைய துணி விரித்துவிட்டால், அதே பூனை முகத்தை வெளியே வைத்துப் படுக்கும். அது மலஜலம் கழிக்கிற மண் டிரேயின் முன்விளிம்பையும் இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். ஏற முடியாமல் வெளியே போய்விடுவதைத்தான் ‘அசுத்தம் பண்ணும்’ என்று கூண்டு அட்டையில் எழுதிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு யார் கேட்பார்கள்?

நகத்தையும் பாருங்கள். வயதான பூனை அதிகம் பிறாண்டாது, நகத்தின் பழைய மேல் ஓடு உரியாமல் நகம் தடித்து வளையும். பாட்டியின் பெருவிரல் நகம் பாதத்தின் மெத்தைக்குள்ளேயே இறங்கியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டினால் போதும்.

அடுத்தது சிறுநீரகம். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் கூடியிருப்பது ரத்தத்தில் தெரியும்போது, அதன் முக்கால்வாசித் திறன் போயிருக்கும். அதனால் 15 நாளைக்கு ஒருமுறை, குழந்தைகளுக்கான தராசில் எடை பாருங்கள். 4 கிலோ பூனை 3.6 ஆகிவிட்டால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாவதும் அறிகுறிதான்.

பாட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை ஏற்றினார்கள். இதை வீட்டிலேயே செய்யலாம். பாட்டிலை வெந்நீரில் வைத்து உடல்சூட்டுக்குக் கொண்டுவந்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் போல் தூக்கி ஊசியை நுழைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புது ஊசி. மறுபக்கம் ரோமம் நனைந்தால் ஊசி தோலைத் துளைத்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். ஏறியதும் வீக்கம் முன்னங்காலுக்கு இறங்கும், சில மணி நேரத்தில் வற்றிவிடும். மறுநாளும் வற்றாவிட்டால் அடுத்ததை ஏற்றாமல் டாக்டரைக் கேளுங்கள். மூச்சு வாங்கினால் உடனே ஓடுங்கள். இதயக் கோளாறு இருந்தால் இது ஆபத்து. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, மன்றாடிக் கேட்கிறேன்: காய்ச்சல், வலி என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரையே பூனையின் உயிரைக் குடிக்கும்.

இவ்வளவு வேலையும் செலவும் ஒரு குடும்பத்தின் தலையில் விழும் என்றால் யாருமே தயங்குவார்கள். தத்து என்றால்தான் தருவோம் என்று காப்பகங்கள் நிற்கக் கூடாது. மருந்தும் டாக்டர் செலவும் எங்களுடையது, சோறும் படுக்கையும் உங்களுடையது, கடைசிவரை வைத்திருங்கள் என்று கொடுக்கலாம். பணி ஓய்வு பெற்றவர்கள் குட்டி வேண்டாம் என்பதே, எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பது என்ற கவலையில்தான். 13 வயதுப் பூனைக்கு அவர்கள் வீட்டைவிடப் பொருத்தமான இடம் எது?

அப்படி ஒன்றைக் கூட்டிவருபவர்கள் கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் எடைக்குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். முதல் வாரம் ஒரே அறையில், காப்பகத்தில் தின்ற அதே உணவோடு வையுங்கள். வெறும் தயிர்சாதத்துக்கு மாற்றாதீர்கள். மீனோ கறியோ இல்லாமல் டாரின் என்ற சத்து கிடைக்காது, கண்ணும் இதயமும் கெடும். புது இடம், பழகட்டும் என்று இரண்டு நாள் பட்டினியாக விடவும் கூடாது. கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கிவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே டாக்டருக்கு போன் போடுங்கள்.