சுவோ, சுவா: ஆண், பெண் கணக்கு இல்லை

"இத்தாலியனில் சுவோ என்றால் ஹிஸ், சுவா என்றால் ஹெர், அவ்வளவுதான், முன்னால் எப்போதும் ஆர்ட்டிகிள் போடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி தவறு, இரண்டாவது அரைகுறை. (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் இல், லா, இ போன்ற சிறு சொல்தான் ஆர்ட்டிகிள்.)

ஆங்கிலம், பொருளுக்குச் சொந்தக்காரர் ஆணா பெண்ணா என்று பார்க்கும். இத்தாலியன் பொருளின் பாலைத்தான் பார்க்கும். புத்தகம் அங்கே ஆண்பால். அதனால் மார்க்கோவுடையதும் 'இல் சுவோ லீப்ரோ', மரியாவுடையதும் 'இல் சுவோ லீப்ரோ'. கார் பெண்பால், யார் ஓட்டினாலும் 'லா சுவா மாக்கினா'. யாருடையது என்று குழம்பினால் 'தி லூயி' (அவனுடைய), 'தி லேய்' (அவளுடைய) என்று பிரித்துச் சொல்லலாம்.

ஆர்ட்டிகிள் விஷயத்தில் உறவுமுறைதான் வம்பு. ஒருமையில் 'மியா மாத்ரே' (என் அம்மா), லா வராது. பன்மையில் திரும்ப ஒட்டிக்கொள்ளும்: 'இ மியேய் ஃப்ரதெல்லி' (என் சகோதரர்கள்). செல்லமாகத் தங்கச்சி என்றாலும் வரும்: 'லா மியா சொரெல்லீனா'. 'லோரோ' (அவர்களுடைய) தனி ரகம். வடிவம் மாறவே மாறாது, ஆனால் அம்மாவுக்குக்கூட ஆர்ட்டிகிளை விடாது: 'லா லோரோ மாத்ரே'.

அப்புறம், கடைக்காரர் உங்களிடம் 'லா சுவா போர்சா' என்று பையை நீட்டினால் வேறு எந்தப் பெண்ணையும் தேட வேண்டாம். மரியாதைக்குரிய 'உங்கள்' என்பதும் இதே சுவாதான்.