சர்வர் ஸ்டார்ட்அப்பில் போட்டால் ஒரே தடவைதான் ஓடும் என்று யார் சொன்னது?

சர்வர் எழும்போது ஒரு வேலை நடக்கணுமா, தூக்கி ஸ்டார்ட்அப் ஈவென்ட்டில் போடு. கோலாலம்பூரில் என் கைக்கு வரும் பைத்தன் புராஜெக்ட் பலவற்றில் இதுதான் வழக்கம். டேட்டாபேஸில் டேபிள் உருவாக்குவது, அதன் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன், குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் ஷெட்யூலர் எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும். இந்தப் பழக்கத்தை விட்டே ஆகணும். ஸ்டார்ட்அப் ஓடுவது அப்ளிகேஷனுக்கு ஒரு தடவை இல்லை, பிராசஸுக்கு (ஓடும் ஒவ்வொரு பிரதிக்கும்) ஒரு தடவை. பைத்தன் அப்ளிகேஷனை ஓட்டும் யுவிகார்ன் சர்வரில் 4 வொர்க்கர் கொடுத்தால் நாலு பிராசஸ், நாலு ஸ்டார்ட்அப். லேப்டாப்பில் ஒரே பிராசஸ் ஓடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் தீபாவளிப் பலகாரத்துக்கு ஆர்டர் எடுக்கும் கடை ஒன்று. அதன் வெப்சைட்டை எழுதிய தம்பி பதறிப்போய் போன் பண்ணினார். "உங்கள் முறுக்கு தயார்" என்ற வாட்ஸ்அப் செய்தி ஒவ்வொருவருக்கும் நாலு தடவை போயிருக்கிறது. அவர் வாட்ஸ்அப் பக்கம்தான் கோளாறு என்று அங்கேயே தேடிக்கொண்டிருந்தார். லாக்கைத் திறக்கச் சொன்னேன். ஷெட்யூலர் தொடங்கியது என்ற வரி நாலு தடவை, நாலும் வேறு வேறு பிராசஸ் எண்ணோடு. கோடில் ஒரு பிழை கிடையாது. இருந்த இடம்தான் தப்பு.

டேட்டாபேஸ் கனெக்‌ஷனிலும் இதே கணக்குதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தானாக அனுமதிப்பது 100 கனெக்‌ஷன், அதிலும் 3 சூப்பர்யூசருக்கு (நிர்வாகிக்கு) ஒதுக்கப்பட்டவை. ஸ்டார்ட்அப்பிலேயே 20 கனெக்‌ஷன் திறந்து தயாராக வைத்திருக்கும் பூல் வைத்தால் 4 வொர்க்கருக்கு 80. சமாளித்துவிடலாம். ஆனால் புது வெர்ஷன் ஏற்றும்போது பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓடும். 160-க்கு எங்கே போவது?

பூல், எச்டிடிபி கிளையன்ட், மெமரியில் ஏற்றும் மாடல், இவை ஒவ்வொரு பிராசஸுக்கும் தேவை, ஸ்டார்ட்அப்பில் இருக்கட்டும். மைக்ரேஷன் டெப்ளாய் பண்ணும்போது தனியாக ஒரே தடவை ஓடணும். ஷெட்யூலருக்குத் தனி பிராசஸ் கொடுங்கள். ஜாங்கோ என்ற பைத்தன் ஃபிரேம்வொர்க் ஆட்களுக்கும் இது பொருந்தும்: அப்ளிகேஷன் ஏறும்போது ஓடும் ரெடி மெத்தட், மைக்ரேட் கமாண்ட் அடித்தாலும் ஓடும், அங்கே டேட்டாபேஸைத் தொடாதீர்கள் என்று அவர்களுடைய ஆவணமே சொல்கிறது. இன்னொரு ஃபிரேம்வொர்க்கான ஃபிளாஸ்க், முதல் ரிக்வெஸ்ட்டுக்கு முன்னால் வேலையை ஓட்டும் தன்னுடைய பிஃபோர் ஃபர்ஸ்ட் ரிக்வெஸ்ட்டை 2023-ல் 2.3 வெர்ஷனோடு தூக்கியே விட்டது.

ஃபாஸ்ட்ஏபிஐ ஃபிரேம்வொர்க்கில் அதே 2023-ல் வந்த லைஃப்ஸ்பான் எனக்கு மனசுக்குப் பிடித்த ஏற்பாடு. யீல்ட் என்ற வரிக்கு முன்னால் சர்வர் எழும்போது திறப்பது, பின்னால் நிற்கும்போது மூடுவது. இரண்டும் ஒரே ஃபங்ஷனில் இருப்பதால் மூட மறந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: லைஃப்ஸ்பான் கொடுத்துவிட்டால் ஸ்டார்ட்அப் ஈவென்ட்டுக்கு எழுதிய பழைய ஆன் ஈவென்ட் ஃபங்ஷன்கள் ஓடவே ஓடாது, எரரும் வராது. பாதி மாற்றிவிட்டுப் பாதியை அப்படியே வைக்காதீர்கள். டெஸ்ட் எழுதும்போது ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்க்கும் டெஸ்ட்கிளையன்ட்டை பைத்தனின் வித் போட்டுத் திறந்தால்தான் லைஃப்ஸ்பான் ஓடும், இதில் தடுமாறாத ஆளை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, ஸ்டார்ட்அப்பைச் சுற்றி டிரை எக்செப்ட் போட்டு எரரை விழுங்காதீர்கள். டேட்டாபேஸ் கிடைக்காவிட்டால் சர்வர் எழாமலே விழட்டும். அப்போதுதான் புது வெர்ஷன் நின்றுபோய் பழையது தொடர்ந்து ஓடும்.

இன்றைக்கே உங்கள் மெஷினில் 2 வொர்க்கர் வைத்து ஓட்டி லாக்கைப் பாருங்கள். கோடு மாறினால் சர்வரைத் தானாக மறுபடி தொடங்கும் ரீலோடை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், அது இருந்தால் யுவிகார்ன் வொர்க்கர் எண்ணிக்கையைக் கண்டுகொள்ளாது.