தட்டில் ஏறாத ஆண்டு: ஜாஸ் இசையும் 1942உம்

ஜாஸ் இசையின் வரலாற்றில் தலைசிறந்த ஆண்டு எது என்ற பேச்சு எழும்போதெல்லாம், விவரம் தெரிந்தவர்கள் சற்றும் தயங்காமல் 1959 என்று சொல்லிவிடுகிறார்கள். மைல்ஸ் டேவிஸ், டேவ் புரூபெக், சார்லஸ் மிங்கஸ், ஆர்னெட் கோல்மன் ஆகிய நால்வரும் தங்கள் பெயரை நிலைநிறுத்திய இசைத்தட்டுகளை அந்த ஓராண்டுக்குள் பதிவுசெய்தார்கள் என்பதால் அந்தத் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நல்ல தட்டுகள் மிகுதியாக வந்த ஆண்டே நல்ல ஆண்டு என்ற அளவுகோலை நாம் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். தட்டு வராத காலத்தில் ஓர் இசைக்கு என்ன நடக்கிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள் 1942ஐத்தான் எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பின் உறுப்பினர் எவரும் ஒலிப்பதிவுக்காக வாசிக்கக் கூடாது என்று அதன் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ உத்தரவிட்டார். சிகாகோவைச் சேர்ந்த பெட்ரில்லோ பிடிவாதத்துக்குப் பெயர்போனவர். அக்காலப் பத்திரிகைகள் அவரைச் சர்வாதிகாரி என்றே கேலி செய்தன. இருந்தாலும் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. 1920களின் இறுதியில் பேசும்படம் வந்தபோது, மௌனப்படங்களுக்குத் திரையரங்குகளில் வாசித்துவந்த ஆயிரக்கணக்கான கலைஞர்கள் ஒரே வீச்சில் வேலையிழந்தார்கள். அதன்பின் மதுக்கடைகளில் இருந்த சிறு குழுக்களின் இடத்தை, காசு போட்டால் தட்டு பாடும் ஜூக்பாக்ஸ் பிடித்துக்கொண்டது; வானொலி நிலையங்களும் நேரடிக் கச்சேரிக்குப் பதிலாகத் தட்டுகளைச் சுழலவிடத் தொடங்கின. தட்டில் வாசித்தவருக்குப் பெரும்பாலும் அன்றைய கூலி மட்டுமே கிடைத்தது. ஆக, கலைஞர் தம் கையாலேயே தம் வேலைக்கு உலை வைத்துக்கொள்கிறார் என்பதுதான் பெட்ரில்லோவின் வாதம். விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகையைச் சங்கத்தின் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அவர் கேட்டார், நிறுவனங்கள் மறுத்தன.

தட்டுத் தொழிலுக்கு அது ஏற்கெனவே போதாத காலம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அன்றைய தட்டுகளின் முக்கிய மூலப்பொருள் அரக்கு. அது பெரும்பாலும் இந்தியாவின் காடுகளிலிருந்தே அமெரிக்காவுக்குப் போனது. போர் கடல்வழிகளை அடைத்ததால், 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாட்டைக் கடுமையாகக் குறைத்தது. புதுத் தட்டு வாங்க வருபவர்களிடம் பழைய தட்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்கி, உருக்கி, மறுபடியும் அச்சிட்டார்கள். அப்படி உருகிப்போன பழைய ஜாஸ் தட்டுகள் எத்தனை என்று நினைத்தால் சேகரிப்பாளர்களுக்கு இன்றும் வயிறெரியும்.

ஆகஸ்ட் நெருங்க நெருங்க நிறுவனங்கள் கிடைத்த குழுக்களையெல்லாம் கூடத்துக்கு அழைத்துப் பதிவுசெய்து இருப்பு வைத்துக்கொண்டன. அந்த அவசர வாரங்களில் பதிவானவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஜூலை 2ஆம் தேதி நியூயார்க்கில் டெக்கா நிறுவனத்துக்காக ஜே மெக்‌ஷான் குழு வாசித்த 'தி ஜம்பின் ப்ளூஸ்'. கன்சாஸ் சிட்டியிலிருந்து வந்த நல்ல நடனக் குழு அது. வால்டர் பிரவுன் பாடும் ப்ளூஸ்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. அந்தப் பாட்டுக்கு நடுவே இருபத்தொரு வயதுச் சார்லி பார்க்கர் ஆல்டோ சாக்ஸபோனில் பன்னிரண்டே தாளக்கட்டுகளுக்கு வாசிக்கிறார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த இடம். குழு முழுவதும் ஸ்விங் என்ற பழைய நடன ஜாஸ் நடையில் சாவகாசமாக நடந்துகொண்டிருக்க, அவர் மட்டும் தாளத்துக்குள் இன்னும் சிறிய தாளங்களைக் கண்டுபிடித்தவர்போல் சுருக்கிச் சுருக்கி வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அவர் எடுத்த எடுப்பில் வாசித்த சொற்றொடரையே பின்னாளில் 'ஆர்னிதாலஜி' என்ற உருப்படிக்குப் பல்லவிபோல் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால் இதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.

அடுத்து நடந்தவைதான் வரலாற்றாசிரியர்களைத் திணறடிப்பவை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 118ஆவது தெருவில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற மதுக்கடையில் தெலோனியஸ் மாங்க் பியானோவும் கென்னி கிளார்க் டிரம்ஸும் வாசிக்க, வேலை முடித்து வரும் கலைஞர்கள் நள்ளிரவுக்குமேல் கூடி வாசித்தார்கள். கூலியில்லாமல் இப்படிக் கூடி வாசிப்பது சங்க விதிகளின்படி குற்றம், பிடிபட்டால் அபராதம். மின்டன்ஸில் அந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், அதைத் தொடங்கிய ஹென்றி மின்டன் அதே சங்கத்தின் நியூயார்க் கிளையில் பிரதிநிதியாக இருந்தவர் என்பதே. சங்கம் ஒலிப்பதிவுக் கூடத்தை மூடியது. சங்கத்துக்காரர் ஒருவரின் மதுக்கடை புதிய இசைக்குக் கதவைத் திறந்துவைத்தது. 1941இல் ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் தம் தட்டுவெட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவுசெய்ததால்தான் அங்கே சார்லி கிறிஸ்டியன் மின்கிதார் வாசித்த விதம் நமக்குத் தெரியும். மூன்று நிமிடத் தட்டின் நெருக்கடி இல்லாமல், ஒரே உருப்படியில் சுற்றுக்குமேல் சுற்றாக மனோதர்மத்தை விரித்துக்கொண்டே போகிறார். அவர் 1942 மார்ச் 2ஆம் தேதி, 25 வயதில், காசநோயால் இறந்தார். டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் டபுள் பேஸ் வாசிப்பின் இலக்கணத்தையே மாற்றிய ஜிம்மி பிளான்டன் அதே ஆண்டு ஜூலையில் அதே நோய்க்கு 23 வயதில் பலியானார்.

ஆண்டு இறுதியில் ஏர்ல் ஹைன்ஸின் பெரிய குழுவில் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பார்க்கரும் சேர்ந்தார்கள். ஆல்டோ இடம் காலியில்லாததால் பார்க்கர் டெனார் சாக்ஸபோன் வாசித்தார். பில்லி எக்ஸ்டைன் அங்கே பாடிக்கொண்டிருந்தார். 1943இல் சாரா வாகனும் வந்து சேர்ந்தார். இப்படியொரு குழு ஒரு தட்டுகூட இல்லாமல் கலைந்துபோனது. எஞ்சியிருப்பது, 1943 பிப்ரவரியில் சிகாகோவில் ஒரு விடுதி அறையில் நண்பர் ஒருவர் வீட்டுக்கருவியில் பிடித்து வைத்த சில துண்டுகள் மட்டுமே. இரைச்சல் அதிகம், ஆனாலும் பார்க்கரும் கில்லெஸ்பியும் ஒருவரையொருவர் எவ்வளவு தூரம் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது அந்த இரைச்சலையும் மீறிக் கேட்கிறது.

இந்த இடைவெளியால்தான், 1945 நவம்பரில் சவாய் நிறுவனத்துக்காகப் பார்க்கர் 'கோகோ'வைப் பதிவுசெய்தபோது மின்டன்ஸில் முளைவிட்ட பீபாப் என்ற புதிய இசை வானத்திலிருந்து குதித்தாற்போல் பலருக்குத் தோன்றியது. அது படிப்படியாக வளர்ந்த இசைதான்; படிகள் தட்டில் ஏறவில்லை, அவ்வளவே. இன்றும் பல கட்டுரைகள் 'திடீர்ப் புரட்சி' என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்குச் சலிப்பாக இருக்கிறது.

அதற்காகத் தடை இல்லாதிருந்தால் எல்லாம் பதிவாகியிருக்கும் என்றும் நான் நம்பவில்லை. விக்டரும் கொலம்பியாவும் பெயர்பெற்ற ஸ்விங் குழுக்களுக்கும் பாடகர்களுக்கும் பின்னால் அலைந்த நிறுவனங்கள். ஹார்லெமில் விடியவிடிய வாசித்த இளைஞர்களை அவை ஏறெடுத்துப் பார்த்திருக்குமா என்பது சந்தேகமே. டெக்கா 1943 செப்டம்பரில் இறங்கிவந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை முரண்டு பிடித்தன. பெரியவர்கள் விட்டுவைத்த அந்த வெற்றிடத்தில்தான் அப்பல்லோ, சவாய், கில்ட் போன்ற சிறு நிறுவனங்கள் சங்கத்துடன் உடன்பாடு செய்துகொண்டு தலையெடுத்தன. 1944 பிப்ரவரியில் அப்பல்லோவுக்காகக் கோல்மன் ஹாக்கின்ஸ் நடத்திய பதிவில் கில்லெஸ்பி இருந்தார். பீபாப்பின் முதல் தட்டுகள் என்று பலரும் அவற்றையே குறிப்பிடுகிறார்கள். பீபாப்பைப் பல மாதங்கள் மறைத்துவைத்த அதே வேலைநிறுத்தம்தான் அதைப் பதிவுசெய்யப்போகும் நிறுவனங்களுக்கும் இடம் உண்டாக்கிக் கொடுத்தது என்பதே என் கணிப்பு.

வேலைநிறுத்தத்தால் உடனடியாக ஆதாயம் அடைந்தவர்கள் பாடகர்கள். அவர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை என்பதால் தடை அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஃபிராங்க் சினாட்ரா வாத்தியங்களே இல்லாமல், பின்னால் ஒரு பாடகர் குழுவை முனகவிட்டு, 1943இல் கொலம்பியாவுக்குப் பாடினார். 1939இல் ஹாரி ஜேம்ஸ் குழுவோடு அவர் பாடி, சீந்துவாரற்றுக் கிடந்த பழைய தட்டை நிறுவனம் தூசுதட்டி மறுபடியும் வெளியிட்டபோது அது அமோகமாக விற்றது. குழுத் தலைவரின் பெயருக்காகத் தட்டு வாங்கிய காலம் முடிந்து, பாடகரின் பெயருக்காக வாங்கும் காலம் தொடங்கியதற்குப் போரும் ரசனை மாற்றமும் காரணங்கள் என்றாலும், இந்த இடைவெளிக்கும் அதில் பெரும் பங்குண்டு. வாத்தியக்காரர்களின் பிழைப்பைக் காக்கத் தொடங்கிய போராட்டம் அவர்களைப் பாடகருக்குப் பின்வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்ததை எண்ணி பெட்ரில்லோ என்றாவது வருந்தினாரோ என்னவோ. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே 1944இல் கேட்டுக்கொண்டும் அவர் மசியவில்லை. கேட்ட தொகையை வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தார்.

அதோடும் விடவில்லை. 1948 ஜனவரியில் அவர் இரண்டாவது தடையை அறிவித்தார். அது டிசம்பர் வரை நீடித்தது. அந்தச் செப்டம்பரில் நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட்டில் மைல்ஸ் டேவிஸின் ஒன்பதுபேர் குழு தன் புதிய, அடங்கிய நாதத்தை முதன்முறையாக மேடையேற்றியபோது ஒலிப்பதிவுக் கூடங்கள் மறுபடியும் மூடிக் கிடந்தன. ஆனால் இந்த முறை வானொலி ஒலிபரப்புகள் பிழைத்திருப்பதால், 1949 ஜனவரியில் கேபிடல் நிறுவனத்துக்காக அவர்கள் பதிவுசெய்தவற்றை அந்த மேடை வாசிப்போடு பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்க்க முடிகிறது. 1942இல் மின்டன்ஸில் வாசித்தவர்களுக்கு அப்படியொரு வாய்ப்பு வாய்க்கவில்லை.