மாசாமாசம் முதல் பாடம் எடுக்கறத நிறுத்தலாம்னு ஏன் சொன்னேன்

நம்ம கேம் டெவ் (வீடியோ கேம் செய்யறவங்க) குரூப்ல, மாசாமாசம் முதல் பாடம் எடுக்கறத நிறுத்திட்டு பாதில நிக்கற கேம் டீம்களோட உக்காரலாம்னு நான் போட்ட ஒரு மெசேஜுக்கு கொஞ்சம் சூடாவே பதில் வந்துச்சு, "அப்போ புதுசா வர்றவங்கள கை விடச் சொல்றீங்களாண்ணே"ன்னு ஒரு தம்பி நேராவே கேட்டுட்டாப்ல. அங்க நீட்டி எழுத முடியல, அதான் இங்க.

குரூப்ல கத்துக் குடுக்கற அளவுக்கு அனுபவம் இருக்கறவங்க எல்லாருமே வேலைக்குப் போறவங்க. சனிக்கிழமை சாயந்தரம் கொஞ்ச நேரம், அவ்ளோதான் நம்ம மொத்த சொத்து. அத வச்சு மாசாமாசம் யூனிட்டி (கேம் செய்யற சாஃப்ட்வேர்) முதல் பாடம் எடுக்கறோம், க்யூப நகர்த்தறோம், காயின் எடுக்க வைக்கறோம், குரூப் போட்டோ போடறோம், அடுத்த மாசம் புது முகங்க வருது, மறுபடியும் அதே க்யூப். போன தடவை வந்தவங்க எங்கடா போனாங்கன்னு யாரும் கேக்கறதில்ல.

முதல் பாடத்துக்கா இப்போ பஞ்சம்? பிராக்கிஸ்ங்கற யூடியூப் சேனல் 2020ல நிறுத்தினப்பவே அதுல வீடியோ குவிஞ்சு கெடந்துச்சு, 2024ல திரும்பி வந்து யூனிட்டி மாதிரியே இன்னொரு சாஃப்ட்வேரான கோடோவுக்கும் போட ஆரம்பிச்சாச்சு. யூனிட்டியே லேர்ன்னு ஒரு தளம் வச்சிருக்கான். கோடோவோட விளக்கப் பக்கங்கள்ல முதல் 2டி கேம படிப்படியா செஞ்சு காட்டியிருக்கு. எல்லாம் ஓசி, நடுராத்திரி தூக்கம் வரலன்னாலும் பாக்கலாம். இங்கிலீஷ்ல இருக்கேன்னா, நியாயமான கேள்விதான், ஆனா அதுக்கு தமிழ்ல ஒரு தடவை உருப்படியா ரெக்கார்ட் பண்ணிப் போட்டா போதுமே, அதையே ஏன் மாசாமாசம் லைவ்வா பேசணும்? வீடியோவும் பழசாகும்தான். 2023ல கோடோ 4 வந்தப்ப கேரக்டர நகர்த்தற கைனமாட்டிக்பாடி2டிங்கற பேரு கேரக்டர்பாடி2டின்னு மாறி, மூவ் அண்ட் ஸ்லைடுங்கற ஃபங்ஷனுக்குள்ள எதுவும் குடுக்கக் கூடாதுன்னு ஆகி, பழைய வீடியோ பாத்து டைப் பண்ண பசங்க எல்லாம் எர்ரர்ல முழிச்சாங்க. அந்த மாதிரி டவுட்டுக்கு குரூப்ல ஒரு சாட் சேனல் இருந்தா யாராவது ரெண்டு வரில பதில் போட்டுடுவாங்க.

ஆனா பாதி கேமோட நிக்கற ஒரு டீமோட பிரச்சினை அப்படி இல்ல. எந்த வீடியோலயும் அதுக்கு பதில் இருக்காது, ஏன்னா அது அந்த டீமோட பிரச்சினை. கோயம்புத்தூர் பக்கம் மூணு பேர் ஒரு பிளாட்ஃபார்மர் (தாவித் தாவிப் போற கேம்) பண்ணிட்டு இருந்தாங்க, கோட் ஒருத்தர், ஆர்ட் ஒருத்தர், மியூசிக் ஒருத்தர். ஆர்ட் பண்ற பொண்ணும் கோட் எழுதற பையனும் ஒரே சீன் ஃபைல திறந்து மாத்தி ரெண்டு பேரும் பொது இடத்துக்கு ஏத்தி, மாற்றங்கள சேத்து வைக்கற கிட்ங்கற டூல் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட், அதாவது ரெண்டும் மோதுதுன்னு கத்த, அந்தப் பையன் பயந்து போய் தன்னோடத அழுத்தி ஓவர்ரைட் பண்ணிட்டான், அந்தப் பொண்ணு வச்ச பேக்கிரவுண்ட் எல்லாம் காலி. அதுக்கு முன்னாடி யூனிட்டி ஒவ்வொரு ஃபைலுக்கும் கூட வைக்கற மெட்டா ஃபைல கிட்ல சேக்காம விட்டு, எது எதோட இணைஞ்சிருக்குங்கற ரெஃபரன்ஸ் எல்லாம் மிஸ்ஸிங், மியூசிக் பையன் 100 எம்பிய தாண்டின ஃபைல போட்டு, கோட் எல்லாம் வைக்கற கிட்ஹப் தளம் வாங்க மாட்டேன்னுடுச்சு. மூணு பேரும் பேச்சுவார்த்தையே இல்லாம இருந்தாங்க. நம்மாளு ஒருத்தர் ரெண்டு சனிக்கிழமை கூட உக்காந்து, சீன சின்னச் சின்ன ப்ரீஃபேபா (தனித்தனியா மாத்தக்கூடிய துண்டா) பிரிச்சு யார் எதத் தொடலாம்னு எழுதி வச்சு, பெரிய ஃபைல தனியா வைக்க கிட்டோட எல்எஃப்எஸ் போட்டுக் குடுத்து, லெவல்ல பாதியத் தூக்கச் சொன்னாரு. சண்டை போட்டுட்டுதான் தூக்கினாங்க. கேம் வெளிய வந்துச்சு. இட்ச்ங்கற கேம் தளத்துல ஓசியாதான் போட்டாங்க, ஆனா முடிச்சாங்க.

லெவலத் தூக்கறதுன்னா நம்ம பசங்களுக்கு மானப் பிரச்சினை. வெண்பா கேம் போஸ்டர ஷேர் பண்ணாத தமிழ் கேம் டெவ் யாராவது இருக்கீங்களா? டொரண்டோவுல ஒரு சின்ன டீம் பண்ணது, 2024ல ஐஜிஎஃப்ங்கற இண்டி கேம் விழாவுல கிராண்ட் ப்ரைஸ், அதே வருஷம் பிரிட்டனோட பாஃப்டால முதல் கேமுக்கான டெபியூ கேம் அவார்டு. அத ஒரே உக்காரல்ல விளையாடி முடிச்சிடலாம், அவ்ளோதான் நீளம். அத மட்டும் யாரும் ஷேர் பண்றதில்ல.

விக்கிறேன்னு இறங்கினா அது தனிக் கதை. ஸ்டீம்ங்கற கேம் விக்கற தளத்துல 100 டாலர் கட்டினா நாளைக்கே ரிலீஸ் பண்ணலாம்னு நினைச்சுட்டு இருக்காங்க. கட்டினதுல இருந்து 30 நாள் காத்திருக்கணும், கமிங் சூன் பேஜ் குறைஞ்சது ரெண்டு வாரம் நிக்கணும், ஸ்டீமோட டெமோ திருவிழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டுக்கு ஒரு கேம் ஒரே ஒரு தடவைதான் போக முடியும், அரைகுறை டெமோவோட போனா அந்த வாய்ப்பு அவ்ளோதான். அமெரிக்கா டாக்ஸ் ஃபார்ம ஒழுங்கா நிரப்பலன்னா வர்ற பணத்துல வரிப் பிடித்தம் கூடும். இதெல்லாம் ஏற்கெனவே அடிபட்டவங்க பக்கத்துல உக்காந்து சொல்ல வேண்டிய சமாச்சாரம்.

"கிளாஸுக்கு ஹால் நிறைய வர்றாங்க, டீம்னா நாலு பேருக்குத்தானே பிரயோஜனம்"னு ஒரு கணக்கு சொல்றாங்க. தலைய எண்றதா இருந்தா சரி. ஸ்பான்சருக்கு போட்டோ அனுப்பவும் அதான் வசதி, அது வேற விஷயம்.

புதுசா வர்றவங்கள விரட்டச் சொல்லல, டீமுக்குள்ள அனுப்பச் சொல்றேன். கல்யாண வீட்டு சமையலுக்கு வெங்காயம் உரிக்கப் போற பையன் மாதிரி, முதல்ல பில்ட் (அதுவரைக்கும் செஞ்சு ஓடற கேம்) விளையாடி அதுல இருக்கற பக், அதாவது தப்பு எல்லாம் எழுதிக் குடுக்கட்டும், அப்புறம் மெனு ஸ்கிரீன் ஒண்ணு, அப்புறம் ஒரு சின்ன எனிமி. உலகம் பூரா கூடி கேம் செய்யற குளோபல் கேம் ஜாம்ல 2009ல இருந்து நடக்கறதும் கிட்டத்தட்ட இதுதானே, வழக்கமா 48 மணி நேரம், தெரிஞ்சவனும் தெரியாதவனும் ஒரே மேஜைல.

இதுல ஒண்ணுக்கு மட்டும் எங்கிட்ட பதில் இல்ல. லேப்டாப் இல்லாம, யாரையும் தெரியாம, ஊர்ல இருந்து பஸ் ஏறி வர்ற பொண்ணு கிளாஸ்னா தைரியமா வந்து கடைசி பெஞ்சுல உக்காருவா, முன்னப்பின்ன தெரியாத மூணு பசங்க டீமுக்குள்ள வருவாளா? வர மாட்டான்னுதான் தோணுது. அதனால சனிக்கிழமை முதல் அரை மணி நேரம் யாருக்கு வேணா திறந்து வைக்கலாம்னு அட்மின்கிட்ட சொல்லியிருக்கேன், இதவிட நல்ல யோசனை இருந்தா சொல்லுங்க.

மத்தபடி பாதில நிக்கற கேம் வச்சிருக்கறவங்க கமெண்ட்ல பில்ட் லிங்க் போடுங்க. ஐடியா மட்டும் இருக்கறவங்க தயவுசெஞ்சு இப்போ வேணாம், விளையாடற மாதிரி ஒரு லெவலாவது இருக்கணும்.