கைப்பேசி குரோமில் நீட்சி ஏறாதே
பிரவுசரில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்களான நீட்சிகளைப் பற்றிய இந்தக் கட்டுரையில் 'மாணவர்கள் எந்தக் கருவியிலும் இந்த நீட்சிகளைப் போட்டுக்கொள்ளலாம்' என்று இருக்கிறதே, மடிக்கணினிக்கு அது சரி, ஆனால் கோலாலம்பூர் செந்தூலில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் அம்மாவின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில்தான் படிக்கிறார்கள், அதிலுள்ள குரோமில் நீட்சி எதையும் சேர்க்கவே முடியாது. இது தெரியாமல் ஒரு படிவம் 3 (ஒன்பதாம் வகுப்பு) பையனிடம் விளம்பரத் தடுப்பான் போடச் சொல்லிவிட்டேன், அவன் அரை மணி நேரம் தேடி ஏதோ ஊர் பேர் தெரியாத செயலியை இறக்கி வைத்ததுதான் மிச்சம். அப்புறம் பயர்பாக்ஸ் பிரவுசரைப் போட்டுக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் முழுதாகவே ஓடுகிறது, கணினி குரோமில்கூட இப்போது வசதி குறைந்த அதன் லைட் பதிப்புதான். மேலே கருத்துகளில் ஓர் ஆசிரியை பள்ளிக் கணக்கில் நீட்சி எதுவும் ஏற மறுக்கிறது என்று கேட்டிருந்தார்: டீச்சர், அது அநேகமாக உங்கள் கணினியின் கோளாறு இல்லை, பள்ளி கொடுக்கும் கணக்கில் எந்த நீட்சியை விடுவது, எதைத் தடுப்பது என்பது நிர்வாகியின் கையில் இருக்கிறது, அவரைத்தான் கேட்க வேண்டும். கட்டுரை தொடாத இன்னொன்று அனுமதி. பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டும் சின்ன நீட்சிகூடச் சில நேரம் எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும், பிள்ளைகள் பார்க்காமலே சரி என்று தட்டிவிடுவார்கள், அதே பிரவுசரில்தான் ராத்திரி அம்மா வங்கிக் கணக்கைத் திறக்கிறார்.